மூத்தோர் விளையாட்டுப் போட்டிக்கு நகர மன்றம் ஏன் உதவ வேண்டும்?

பிப்ரவரி 12 – வாசகர் கேள்வி

"என் தங்கை நியூசிலாந்தில் வாங்கனுயி என்ற ஊரில் வீடு வாங்கியிருக்கிறாள். ஒவ்வோர் ஆண்டும் சொத்து வரி ஏறுகிறது. குழாய் மாற்றப் பணம் போதவில்லை என்று கவுன்சில் கைவிரிக்கிறதாம். அதே கவுன்சில், தலை நரைத்தவர்கள் ஓடியாடிப் பதக்கம் மாட்டிக்கொள்ள மைதானத்தைத் திறந்துவிட்டு உதவியும் செய்கிறது. வரி கட்டுகிறவர்களுக்கு இதில் என்ன லாபம்? அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்."

பிப்ரவரி 12, இரவு

நான் அந்த ஊரில்தான் இருக்கிறேன். வரி கட்டுகிறேன். போட்டியிலும் கலந்துகொள்கிறேன், குண்டு எறிதல் என் விளையாட்டு, ஆள் குறைந்தால் துடுப்புப் படகிலும் ஏறுவேன். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கேள்வி நியாயமானது. கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் விவரம். நியூசிலாந்து மூத்தோர் விளையாட்டுப் போட்டி 1989இல் வாங்கனுயியில் தொடங்கியது. இப்போது ஒற்றைப்படை ஆண்டுகளில் இங்கேயும் இரட்டைப்படை ஆண்டுகளில் தெற்கே டனீடனிலும் நடக்கிறது. கோடை விடுமுறை முடியும் சமயம், ஜனவரி இறுதி, பிப்ரவரி தொடக்கம். தடகளம், நீச்சல், படகு, மேசைப்பந்து, வலைப்பந்து என்று நீண்ட பட்டியல். தகுதிச் சுற்று கிடையாது. பெயர் கொடுத்துக் கட்டணம் கட்டினால் நீங்களும் போட்டியாளர். வயதுவாரியாகப் பிரித்துப் பதக்கம் தருவார்கள்.

எல்லாவற்றையும் கவுன்சிலே நடத்துகிறது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு விளையாட்டையும் அந்தந்தச் சங்கம் நடத்துகிறது. மைதானம், நீச்சல் குளம், சாலை அனுமதி, ஊரைத் தயார்ப்படுத்தும் வேலை, கொஞ்சம் பணம் – இவைதான் கவுன்சிலின் பங்கு.

லாபம் இருக்கிறது. ஆனால் கவுன்சில் சொல்லிக்கொள்ளும் இடத்தில் இல்லை. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 13

கவுன்சில்காரர்கள் முதலில் எடுத்து வைப்பது சுற்றுலாப் பணம். மோட்டல்கள் நிறைகின்றன, உணவகங்களில் கூட்டம், பெட்ரோல் பங்கில் வரிசை. ஐம்பதாயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊரில் சில ஆயிரம் பேர் வந்து தங்கினால் தெருவே மாறிப்போகும், கண்ணால் பார்க்கிறோம். வருகிறவர்களும் செலவழிக்கக்கூடியவர்கள். பிள்ளைகள் வளர்ந்தாயிற்று, வீட்டுக் கடன் முடிந்தாயிற்று, மனைவியையோ கணவரையோ அழைத்துக்கொண்டு ஒரு வாரம் தங்குகிறார்கள். இளைஞர் போட்டிக்கு வருகிறவர்கள் பேருந்தில் வந்து பள்ளிக்கூட அரங்கில் படுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால் இந்தக் கணக்கை நான் முழுதாக நம்பவில்லை. இதே நாட்டின் ஹேமில்டன் நகரிலிருந்து வந்தவர் இங்கே நூறு டாலர் செலவழித்தால் அது வாங்கனுயிக்கு வரவு, ஹேமில்டனுக்கு இழப்பு. நாட்டுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. அந்த வாரத்தில் அறை கிடைக்காமல் திரும்பிப் போன பயணியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கூட்டத்தைப் பார்த்து வீட்டிலேயே சாப்பிட்ட உள்ளூர்க்காரரையும் சேர்ப்பதில்லை. 'பொருளாதாரத் தாக்கம்' என்று தலைப்பிட்டு வரும் எந்த அறிக்கையையும் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் சுற்றுலாவை இரண்டாம் இடத்தில் வைப்பேன். முதல் இடம் வேறு.

பிப்ரவரி 13, மாலை

"அப்படியானால் முதல் இடம் எது, ஏன் இழுத்தடிக்கிறீர்கள்" என்று கேட்ட தம்பிக்கு: நாள்காட்டியில் ஒரு தேதி. அதுதான் முதல் இடம்.

ஐம்பது வயதுக்கு மேல் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று மருத்துவர் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவோம். அந்த வாரமே நின்றுபோகும். பிப்ரவரியில் போட்டி, பணம் கட்டியாயிற்று, கூடப் படகேறும் மூன்று பேர் நம்மை நம்பியிருக்கிறார்கள் என்றால் இங்கே குளிர்காலமான ஜூன் மாத இருட்டிலும் மழையிலும் வீட்டை விட்டுக் கிளம்புவோம். இந்த ஊரின் நீச்சல் குளத்தில் குளிர்காலக் காலைகளில் யார் நீந்துகிறார்கள் என்று வந்து பாருங்கள். பாதிப் பேரைக் கேட்டால் போட்டியின் பெயரைத்தான் சொல்வார்கள்.

பத்து நாள் விழாவுக்காகச் செலவழிக்கும் பணம் உண்மையில் மீதி மாதங்களில்தான் வேலை செய்கிறது. மோட்டல் ரசீதில் அது தெரியாது.

பிப்ரவரி 15

ஆக்லாந்து அண்ணன் ஒருவர் கடுமையாகக் கேட்டிருக்கிறார்: "வயதானவர்கள் ஓடி விழுந்து காலை உடைத்துக்கொண்டால் செலவு யாருடையது? ஏசிசி தலையில்தானே விழும்?"

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்காக: ஏசிசி என்பது இந்த நாட்டின் விபத்து ஈட்டுக் கழகம். 1974 ஏப்ரலில் தொடங்கியது. யார் மீது தவறு என்று பார்க்காமல், விபத்தில் காயம்பட்ட எவருக்கும் சிகிச்சைச் செலவில் பெரும்பங்கைத் தருகிறது, சுற்றுலா வந்தவருக்கும்கூட. சம்பளம், முதலாளி செலுத்தும் தொகை, பெட்ரோல், அரசு நிதி எல்லாவற்றிலிருந்தும் அதற்குப் பணம் போகிறது. ஆக, நான் குண்டு எறிந்து தோள் சதையைக் கிழித்துக்கொண்டால் அண்ணனின் சம்பளத்திலிருந்தும் ஒரு துளி எனக்கு வருகிறது. கோபப்பட அவருக்கு உரிமை உண்டு.

ஆனால் அதே ஏசிசியின் கோரிக்கைகளில் முதலிடம் எதற்குத் தெரியுமா? கீழே விழுவதற்கு. வீட்டில், குளியலறையில், படியில், தோட்டத்தில். ஓடுபாதையில் இல்லை. அதனால்தான் முதியவர்களுக்கான தசைவலு, சமநிலைப் பயிற்சி வகுப்புகளுக்கு ஏசிசியே ஆதரவு தருகிறது. முப்பதைத் தாண்டியதும் பயன்படுத்தாத தசை பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் கரைகிறது என்பது மருத்துவ நூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அறுபதுக்கு மேல் வேகம் கூடும். உலக சுகாதார நிறுவனமும் 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வலுப்பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது.

ஒரு காலில் நின்று சுழன்று எறிகிறவளுக்குக் குளியலறை ஈரத்தில் கால் வழுக்கினால் உடம்பு தானாகச் சமாளித்துக்கொள்ளும். அந்தச் சமாளிப்பை இலவச வகுப்பிலும் கற்கலாம்தான். ஆனால் வகுப்புக்கு ஆள் வருவதில்லை. போட்டிக்கு வருகிறார்கள்.

பிப்ரவரி 15, பின்குறிப்பு

ஒன்றை விட்டுவிட்டேன். வயதால் தேய்ந்த மூட்டுக்கு ஏசிசி பணம் தராது. விபத்தால் வந்த காயத்துக்கு மட்டும்தான். அறுபது வயதுக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு போனால் "இது தேய்மானம்" என்று திருப்பி அனுப்பப்படுவது உண்டு. எங்கள் சங்கத்தில் இது அடிக்கடி பேசப்படும் வருத்தம். ஆகவே மூத்த விளையாட்டுக்காரர்கள் ஏசிசியைக் கறக்கிறார்கள் என்ற எண்ணமும் சரியில்லை.

பிப்ரவரி 18

மருத்துவப் பேச்சு போதும் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். படகுக் கதை சொல்கிறேன்.

மூத்தோர் துடுப்புப் படகுப் போட்டியில் தனி ஆளின் வயதைப் பார்ப்பதில்லை, படகில் இருப்பவர்களின் சராசரி வயதைப் பார்ப்பார்கள். உலகமெங்கும் அந்த முறைதான். ஒவ்வொருவருக்கும் 27 வயதாவது ஆகியிருக்க வேண்டும். சராசரி 27 முதல் 'ஏ' பிரிவு, பிறகு 36, 43, 50, 55, 60 என்று பிரிவுகள் எழுத்துவாரியாக ஏறும். தூரம் 1000 மீட்டர். சுக்கான் பிடிப்பவரின் வயது கணக்கில் வராது.

ஒரு முறை ஆற்றங்கரையில் எங்கள் நால்வர் படகுக்கு வயது 44, 49, 52, 58. கூட்டினால் 203, சராசரி ஐம்பதைத் தாண்டிவிட்டது, 'டி' பிரிவு. காலையில் 58 வயதுக்காரருக்குக் காய்ச்சல். பதிலுக்கு 54 வயதுக்காரி ஒருத்தி வந்தாள். படகுத் தளத்தில் மண்டியிட்டு, நனைந்த நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தில் எங்கள் தலைவி பென்சிலால் கூட்டிக்கொண்டிருந்தாள்: 199. நான்கால் வகுத்தால் 49.75. கால் வயது குறைவு. 'சி' பிரிவுக்குத் தள்ளப்பட்டோம், எங்களைவிட இளையவர்களோடு.

கரையில் நின்ற எல்லாக் குழுவும் இந்தக் கணக்கில் குதித்துவிட்டது. "எழுபது வயதுக்காரர் யாராவது இருக்கிறீர்களா, நால்வர் படகுக்குத் தேவை" என்று ஒருவர் உரக்கக் கூவினார். மூன்று பேர் கை தூக்கினார்கள். எழுபது வயதுக்காரருக்கு அடிதடி நடக்கும் இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. வேலைக்கு எடுக்க மாட்டார்கள், வங்கியில் கடன் தர யோசிப்பார்கள். இந்த ஆற்றங்கரையில் மட்டும் அவர் வயதுக்கு அப்படி ஒரு மதிப்பு!

நாங்கள் அன்று கடைசியாக வந்தோம். அது முக்கியமில்லை.

பிப்ரவரி 19

"குண்டின் எடையும் வயதுக்குக் குறையுமாமே, அது ஏமாற்று இல்லையா?" – மதுரையிலிருந்து ஒரு கேள்வி.

குறையும். ஆண்களுக்கு 35 முதல் 49 வரை 7.26 கிலோ, ஐம்பதுகளில் 6, அறுபதுகளில் 5, எழுபதுகளில் 4, எண்பதுக்கு மேல் 3. பெண்களுக்கு 49 வரை 4 கிலோ, 50 முதல் 74 வரை 3, அதற்கு மேல் 2. ஈட்டியும் அப்படித்தான், தடை ஓட்டத்தில் தடையின் உயரமும் இறங்கும். இது ஏமாற்று அல்ல. உடம்பு மாறுகிறது, கருவியும் மாறுகிறது, எறியும் கலை மட்டும் அப்படியே இருக்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குச் சிறிய பந்து கொடுத்தால் யாராவது ஏமாற்று என்கிறோமா?

போட்டிக்கு முன் குண்டை எடைபோடும் மேசை ஒன்று இருக்கும். சொந்தக் குண்டு கொண்டு வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். அதிகாரி தராசில் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுத் தருவார். கோடில்லாத குண்டு வட்டத்துக்குள் வராது. எண்பதைக் கடந்த ஒரு பாட்டியின் 2 கிலோ குண்டு, வருடக்கணக்கில் எறிந்து தேய்ந்து, சில கிராம் குறைந்து போயிருந்தது. அதிகாரி வருத்தத்தோடு தலையசைத்தார். பாட்டிக்கு முகமெல்லாம் பெருமை. அடுத்தவளிடம் குண்டைக் கடன் வாங்கி எறிந்துவிட்டுப் போனாள்.

பிறந்தநாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 49 வயது முடியப்போகிறவள் தன் பிரிவில் மூத்தவள், தோற்பவள். ஐம்பது பிறந்த மறுநாள் அடுத்த பிரிவில் இளையவள், குண்டும் ஒரு கிலோ குறைவு. எங்கள் சங்கத்தில் அறுபதாம் பிறந்தநாளை எதிர்பார்த்துக் காத்திருக்கிற ஆண்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் சஷ்டியப்தபூர்த்தி முடிந்ததும் "இனி ஓய்வெடுங்கள்" என்று ஊஞ்சலில் உட்கார வைக்கிறோம்.

பிப்ரவரி 23

ஏன் இந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். காரணம் இருக்கிறது.

தடகளம் நடக்கும் குக்ஸ் கார்டன்ஸ் மைதானத்தில்தான் 1962 ஜனவரி 27 அன்று பீட்டர் ஸ்னெல் ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாதனை படைத்தார்: 3 நிமிடம் 54.4 விநாடி. ஆஸ்திரேலியாவின் ஹெர்ப் எலியட்டின் சாதனையைப் பத்தில் ஒரு விநாடியில் முறியடித்தார். அதுவும் புல்தரையில். இன்று அங்கே செயற்கைத் தளம் போட்டிருக்கிறார்கள்.

ஸ்னெலைவிட எனக்குப் பிடித்தவர் அவருடைய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். உலக சாம்பியன்களை உருவாக்கிய அதே காலத்தில், 1960களின் தொடக்கத்தில், ஆக்லாந்தில் நடுவயதுக்காரர்களையும் இதய நோயாளிகளையும் மெதுவாக ஓட வைத்தவர். மாரடைப்பு வந்தவரைக் கட்டிலில் கிடத்தி வைத்த காலம் அது. அமெரிக்காவிலிருந்து வந்த பயிற்சியாளர் பில் பவர்மேன் அந்தக் குழுவோடு ஓடப் போனார். ஐம்பதைத் தொட்டவர், தன் உடம்பில் நம்பிக்கை உள்ளவர். ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றபோது, எழுபதைத் தாண்டிய, இதய நோயிலிருந்து மீண்ட ஒருவர் பின்தங்கி அவருக்குத் துணையாக ஓடினார். பவர்மேன் ஊர் திரும்பி மெதுவோட்டத்தைப் பரப்பினார். பிறகு நைக்கி நிறுவனத்தின் இணை நிறுவனரும் ஆனார். இன்று மெரினாவில் விடியற்காலையில் ஓடுகிறவர்களின் கால்களுக்கும் லிடியார்டின் அந்தக் குழுவுக்கும் தொடர்பு உண்டு.

மூத்தோர் விளையாட்டு பணக்கார நாடுகளின் புது மோகம் என்று எழுதிய நண்பர் இதைக் கவனிக்க வேண்டும். முதல் உலக மூத்தோர் தடகளப் போட்டி டொரண்டோவில் 1975இல் நடந்தது. பல விளையாட்டுகளைச் சேர்த்த உலக மூத்தோர் விளையாட்டுப் போட்டியும் டொரண்டோவில்தான், 1985இல். ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் நடுவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் 1986இலேயே தன் போட்டியைத் தொடங்கிவிட்டது. பெருநகரங்கள் ஒலிம்பிக்கைத் தேடி அலையும்போது சின்ன ஊர்கள் இதைக் கண்டுகொண்டன. இருக்கிற மைதானமே போதும்.

பிப்ரவரி 24

மான் கவுரைப் பற்றி ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். ஆம், 2017 ஏப்ரலில் ஆக்லாந்தில் உலக மூத்தோர் போட்டி நடந்தபோது சண்டிகரைச் சேர்ந்த அந்த 101 வயது அம்மையார் 100 மீட்டரை ஒரு நிமிடம் 14 விநாடியில் ஓடி முடித்தார். அவர் ஓடத் தொடங்கியதே 93 வயதில். 2021இல் காலமானார்.

அவரை வணங்குகிறேன். ஆனால் அவரை எல்லோருக்கும் எடுத்துக்காட்டாகக் காட்டுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. நூற்றொரு வயது ஓட்டக்காரரைப் பார்த்து 55 வயதுக்காரர் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார், "அதெல்லாம் தனிப் பிறவி" என்று. பக்கத்து வீட்டுக்காரர் மேசைப்பந்து ஆடி நாலாம் இடம் வாங்கினார் என்றால்தான் "நாமும் போய்ப் பார்க்கலாமே" என்று தோன்றும். ஊர்ப் போட்டியின் பலம் அங்கே இருக்கிறது.

மார்ச் 1

இதுவரை நல்லதையே எழுதினேன். உறுத்துகிற ஒன்றை எழுதாமல் விட்டால் சரியாகாது.

தொடக்க நாள் கூட்டத்தில் நின்று சுற்றிப் பார்க்கும்போது தெரியும் முகங்கள் பெரும்பாலும் வெள்ளையர், வசதியானவர்கள், இளமையிலிருந்தே விளையாடியவர்கள். இந்த ஊரில் நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் எவ்வளவு பேர் வாழ்கிறார்கள், போட்டியில் எத்தனை பேர் என்று பார்த்தால் இடைவெளி பெரிது. அவர்களுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஜனவரியில் கரபிரோ ஏரியில் நடக்கும் தேசிய 'வாகா அமா' என்ற மரபுப் படகுப் பந்தயத்துக்குப் போய்ப் பாருங்கள். எழுபது வயதினருக்கும் பிரிவு வைத்து, பேரப்பிள்ளைகள் கரையில் கூடாரம் போட்டுக் கூச்சலிட, குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அங்கே தாத்தாவும் பேத்தியும் ஒரே சங்கம். எங்கள் போட்டியில் மூத்தவர்கள் தனியாகப் பிரிந்து நிற்கிறோம். அவர்களுடைய முறைதான் மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது பணம். பொது நுழைவுக் கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிக் கட்டணம். வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகை. துப்புரவு வேலையும் இரவுக் காவலும் பார்க்கிற ஐம்பது வயதுக்காரருக்கு இது எட்டாது. உடல்வலுவை இழந்தால் வேலையையே இழப்பவர் அவர். இந்த விழா யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் கதவு குறுகலாக இருக்கிறது.

நம் பெண்களைப் பற்றியும் சொல்கிறேன். இங்கே மருத்துவமனையிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்களும் மலையாளப் பெண்களும் இருக்கிறார்கள். நாள் முழுக்க அடுத்தவரைத் தூக்கிப் புரட்டும் வேலை. இடுப்புவலி இல்லாதவள் அரிது. போட்டிக்கு வா என்றால், "எனக்கு என்ன விளையாட்டு தெரியும் அக்கா" என்பார்கள். பள்ளியில் எறிபந்து ஆடியிருப்பாள், கோ-கோவில் மாவட்டம் வரை போயிருப்பாள். கேட்டுக் கேட்டுத் தோண்டினால்தான் வெளியே வரும். திருமணத்தோடு அது முடிந்துபோன கதை என்று அவளே முடிவுகட்டி வைத்திருக்கிறாள்.

கவுன்சில் பணம் தருகிறதென்றால் இதைக் கேட்கும் உரிமையும் வரி கட்டுகிற நமக்கு உண்டு. உள்ளூர்க்காரர் முதல் முறை கலந்துகொண்டால் கட்டணம் வேண்டாம். இரவுப்பணி பார்ப்பவர்களுக்காகச் சில ஆட்டங்களை மாலையில் வையுங்கள். வெளியூர்க்காரர்களை அழைக்கும் விளம்பரத்துக்குப் போகிற பணத்தில் கொஞ்சத்தை இதற்குத் திருப்புங்கள். மோட்டல்காரர்கள் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

மார்ச் 2

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு டனீடனிலிருந்து ஒருவர், "அப்படியானால் போட்டியே வசதியானவர்களுக்கான சலுகைதானே, கேள்வி கேட்டவர் சொன்னது சரி" என்று முடிவு கட்டிவிட்டார்.

இல்லை. நூலகத்துக்கும் படித்தவர்கள்தான் அதிகம் போகிறார்கள். அதற்காக நூலகத்தை மூடுவதில்லை, வாசலை அகலப்படுத்துகிறோம். தனியார் நிறுவனம் நடத்தியிருந்தால் வாசலை அகலப்படுத்தச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது? கவுன்சில் கைவைத்திருப்பதால்தான் கேட்க ஓர் இடம் இருக்கிறது. விளையாட்டுக் கூட்டமைப்புகளுக்கு வெற்றி பெறுகிறவர்கள் வேண்டும். ஊர் நிர்வாகத்துக்குக் கடைசியாக வருகிறவரும் வரி கட்டுகிறவர்தான், வாக்காளர்தான். அந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மார்ச் 6

தமிழ்நாட்டு நண்பர்கள் கேட்டது: நம் மாநகராட்சிகள் இப்படிச் செய்ய முடியுமா?

மூத்தோர் தடகளச் சங்கங்கள் அங்கே இருக்கின்றன. மாவட்ட, மாநிலப் போட்டிகள் நடக்கின்றன. பரிசு வாங்கிய செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் சின்னதாக வரும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், காவலர்கள் கைக்காசு போட்டு ஓடுகிறார்கள். அரசு பெரிதாக நடத்தும் முதலமைச்சர் கோப்பையில் 2023இல் பொதுமக்கள் பிரிவுக்கு வயது 15 முதல் 35 வரை என்று வைத்தார்கள். அரசு ஊழியருக்குத் தனிப் பிரிவு உண்டு. அரசு வேலையில் இல்லாத 45 வயதுக் கடைக்காரருக்கும் இல்லத்தரசிக்கும் அதில் இடமில்லை. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் கதவைத் தட்டுகிற வயது அதுதான். 35க்கு மேல் இரண்டே இரண்டு பிரிவுகளைக் கூட்டினால்கூட எவ்வளவோ மாறும்.

அதே 2023இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கினார்கள். நல்லது. பாதை வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு நாள், அந்தப் பாதையில் வயதுவாரியாக நடைப்போட்டி வைத்தால் என்ன? செலவு அதிகமில்லை. நடையில் போட்டி என்றால் சிரிப்பவர்கள் ஒரு முறை நடந்து பார்க்கட்டும். பின்னங்கால் தசை சொல்லும்.

வெயிலை மட்டும் மறக்க வேண்டாம். இங்கே கோடை என்பது நம்மூர் மார்கழிப் பகல். அங்கே வைப்பதானால் தை மாதம், காலை ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். மருத்துவர் ஒருவரும் ஆம்புலன்ஸும் கட்டாயம். புதிதாகத் தொடங்குகிறவர்கள், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்கள், பரிசோதனை செய்துகொண்டு சில மாதம் படிப்படியாகப் பழகிய பிறகே பந்தயத்தில் இறங்க வேண்டும். பழக்கமில்லாத உடம்பைத் திடீரென்று முழு வேகத்தில் ஓட்டுவதுதான் ஆபத்து. உற்சாகத்தில் இதை யாரும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மார்ச் 7

பூப்பந்தைச் சேர்க்கச் சொல்லிக் கும்பகோணத்திலிருந்து ஒருவர். என் ஓட்டும் அதற்கே. அணிக்கு ஐந்து பேர் ஆடும் ஆட்டம், ஊர்த் திடலில் வலை கட்டினால் போதும், அறுபது வயதில் ஆடுகிறவர்களை நானே தஞ்சைப் பக்கம் பார்த்திருக்கிறேன். தொடங்குவதென்றால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மார்ச் 11

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, "குழாயைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே" என்றார். சரிதான், சொல்கிறேன்.

குழாய்தான் முதலில். குடிநீரும் கழிவுநீரும் ஒழுங்காக இல்லாத ஊரில் பதக்க விழா நடத்துவதை நானும் ஏற்க மாட்டேன். ஆனால் இவை ஒரே அளவுச் செலவுகள் அல்ல. நியூசிலாந்து நகரங்கள் எல்லாவற்றிலும் பழைய குழாய்களை மாற்றும் செலவு மலைபோல் நிற்கிறது. இந்த விழாவை நிறுத்திச் சேமிக்கும் தொகை அதில் ஒரு தெருவுக்குக் காணுமா என்பதே சந்தேகம். மைதானமும் குளமும் விழா இல்லாவிட்டாலும் பராமரிக்கப்பட வேண்டியவை. புதிய அரங்கம் கட்டுகிறேன் என்று கவுன்சில் கிளம்பினால் அன்றைக்கு உங்கள் தங்கையோடு சேர்ந்து நானும் எதிர்ப்பு மனு போடுவேன். இருப்பதை வைத்து நடத்தும் வரைக்கும் ஆதரவு.

பிப்ரவரி 13 அன்று சுற்றுலாப் பணத்துக்கு இரண்டாம் இடம் என்று எழுதினேன். இத்தனை பேருடைய கருத்தையும் படித்த பிறகு மூன்றாம் இடத்துக்குத் தள்ளுகிறேன். இரண்டாம் இடம் சங்கங்களுக்கு. போட்டி இருப்பதால்தான் இந்தச் சின்ன ஊரில் நேரம் குறிக்கப் பழகியவர்கள், கொடி பிடிப்பவர்கள், தூரம் அளப்பவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள். அதே ஆட்கள்தான் மறுவாரம் பள்ளிப் பிள்ளைகளின் போட்டியையும் நடத்துகிறார்கள்.

மார்ச் 12

தங்கைக்கு 46 வயது, பள்ளியில் வட்டெறிதல் பழகியவள் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள்! இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

அடுத்தது டனீடன், அதற்கடுத்த ஆண்டு எங்கள் ஊர். அவசரமில்லை. வட்டு அவருடைய வயதுக்கு ஒரு கிலோ, பள்ளியில் எறிந்த அதே எடைதான். முதல் மாதம் எறியவே வேண்டாம். கால் வைக்கும் முறையும் இடுப்பைத் திருப்புவதும் மட்டும். தோளை அவசரப்படுத்தினால் ஆறு மாதம் உட்கார வேண்டிவரும். காலணி வழுவழுப்பான அடிப்பாகத்தோடு இருக்கட்டும், ஓட்டக் காலணி வட்டத்துக்குள் சுழலாது. எங்கள் சங்கத்தில் வட்டு இருக்கிறது, வாங்க வேண்டாம். வீட்டுப் பக்கம் எந்தத் தெரு என்று தனிச்செய்தியில் அனுப்பச் சொல்லுங்கள், போகும் வழியில் அழைத்துக்கொள்கிறேன்.